பெரிய வீடியோ பைலுக்கு கிளையன்ட் கேச் எவ்வளவு குடுக்கோணும்?

சேர்வரிலை 60 ஜிபி பைல் ஒண்டு கிடக்கு, அதை வாசிக்கிற மெசினிலை (கிளையன்ட்) கேச், அதாவது ஒருக்கா வாசிச்சதைத் திரும்ப எடுக்கக் கிட்ட வச்சிருக்கிற இடம், எவ்வளவு வைக்கோணும் எண்டு கேட்டா கனபேர் முதல்ல பைலின்ரை சைஸைத்தான் பாக்கினம். பைல் பெரிசு, அப்ப கேச்சும் பெரிசா இருக்கோணும், அவ்வளவுதான் கணக்கு. நான் சொல்லுறது, பைல் சைஸை விடுங்கோ, அந்த மெசினுக்கு முன்னால இருக்கிற ஆள் எந்தத் துண்டை திரும்பத் திரும்ப வாசிக்கிறார், அந்தத் துண்டு எல்லாம் சேத்து எவ்வளவு வருது எண்டு மட்டும் பாருங்கோ. அந்த அளவு முழுக்க கேச்சுக்குள்ள அடங்கினா கேச் வேலை செய்யும். அடங்காட்டி, அரைவாசி வச்சாலும் முக்கால்வாசி வச்சாலும் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதைத்தான் கீழ விளக்கமா எழுதுறன்.

யாழ்ப்பாணத்திலை ஒரு வீடியோ ஸ்டூடியோவின்ரை ஸ்டோரேஜை நான்தான் பாத்துக்கொள்ளுறன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வருசம் முழுக்க வேலை, ஆவணி பிறந்தா மூச்சு விட நேரமில்லை, நல்லூர் மட்டும் 25 நாள். மூண்டு மெசினிலை செஃப் (கன மெசினின்ரை டிஸ்கை ஒண்டாச் சேக்கிற ஸ்டோரேஜ் சொப்ட்வெயர்) போட்டு அதுக்கு மேல செஃப்எஃப்எஸ் (அதின்ரை பைல் சிஸ்டம்) ஓடுது, எடிட்டிங் மெசின் எல்லாம் லினக்ஸ், டாவின்சி ரிசோல்வ் ஸ்டூடியோ. நெட்வேர்க் சாதாரண ஜிகாபிட் சுவிட்ச், அதாவது ஒரு மெசினுக்கு செக்கனுக்கு நல்லா வந்தா 115 எம்பி. இந்த 115 எண்ட இலக்கத்தை மனசிலை வச்சிருங்கோ, எல்லாக் கணக்கும் இதிலைதான் வந்து முட்டுது.

கமெராவிலை 4கே, 100 மெகாபிட்டிலை எடுக்கிறம். அப்ப செக்கனுக்கு 12.5 எம்பி, ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. மூண்டு கமெராவை ஒண்டா வச்சு மல்ட்டிகேமிலை வெட்டினா செக்கனுக்கு 37.5 எம்பி, ஜிகாபிட்டுக்கு அது பெரிய பாரம் இல்லை. கலர் வேலைக்கு ப்ரோரெஸ் 422 எண்ட எடிட்டிங் போர்மட்டுக்கு மாத்தினாத்தான் கதை மாறும். 4கே 25 பிரேமிலை ஒரு ஸ்ட்ரீம் 492 மெகாபிட், செக்கனுக்கு 61 எம்பிக்குக் கிட்ட. ரெண்டு ஸ்ட்ரீமை ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சா 123, ஜிகாபிட் முடிஞ்சுது. இந்த இடத்திலை எந்த செட்டிங்காலையும் வயரைப் பெருப்பிக்க ஏலாது, ஒண்டில் டேட்டா ஏற்கனவே மெசினுக்குள்ள இருக்கோணும், இல்லாட்டி படம் விக்கி விக்கித்தான் ஓடும்.

இப்ப எடிட்டர் என்ன செய்யிறார் எண்டு பாப்பம். தாலி கட்டுற பகுதி ஒரு 20 நிமிசம் எண்டு வையுங்கோ, மூண்டு கமெராவுக்கும் சேத்து 45 ஜிபி. அவர் முதல்ல இருந்து கடைசிவரை ஒருக்கா பாப்பார், பிறகு திரும்ப முதல்ல இருந்து வெட்டத் தொடங்குவார், பிறகு கலருக்கு ஒருக்கா, சத்தத்துக்கு ஒருக்கா. மெசினிலை 32 ஜிபி ரேம், அதிலை ரிசோல்வ் எடுத்தது போக பேஜ் கேச்சுக்கு (வாசிச்ச பைலை லினக்ஸ் ரேமிலை வச்சிருக்கிற இடம்) ஒரு 15 ஜிபி மிஞ்சும். 20 நிமிசத்தை ஓடி முடிக்கேக்க கேச்சிலை கிடக்கிறது கடைசி ஏழு நிமிசம் மாதிரி, முதல் பகுதி எப்பவோ வெளியால போயிட்டுது. திரும்ப முதல்ல இருந்து தொடங்கினா அது கேச்சிலை இல்லை, சேர்வரிலை இருந்து எடுக்கோணும், அப்பிடி எடுக்கிறது அந்தக் கடைசி ஏழு நிமிசத்தைத் தள்ளிப்போட்டு உள்ள வரும், அப்ப கடைசிக்குப் போகேக்க அதுவும் இருக்காது. பழசை எறியிற முறையிலை ஓடுற எந்தக் கேச்சும் தன்னைவிடப் பெரிய வட்டத்தை சுத்தி சுத்தி வாசிச்சா ஒண்டையும் பிடிச்சு வைக்காது. லினக்ஸ் கேர்னல் (சிஸ்டத்தின்ரை நடுப்பகுதி) ஒருக்கா மட்டும் தொட்ட பக்கத்தையும் (பேஜ், ரேமின்ரை சின்னத் துண்டு) திரும்பத் தொட்ட பக்கத்தையும் ரெண்டு லிஸ்டா பிரிச்சு வச்சு கொஞ்சம் புத்தியா நடக்கும், அதால முழுப் பூச்சியம் வராது, ஆனா எடிட்டருக்கு உணரக்கூடிய வித்தியாசமும் வராது.

இதைக் கண்ணால பாக்கலாம். விஎம்டச் எண்டு ஒரு சின்ன டூல் இருக்கு, கிளிப்பின்ரை பெயரைக் குடுத்து விரிவாக் காட்டச் சொன்னா ஒரு நீட்டுக் கோடு போட்டுக் காட்டும், ரேமிலை கிடக்கிற பகுதிக்கு நேர ஓ எழுத்தா அடுக்கியிருக்கும், கிடக்காத பகுதி வெறுமையா இருக்கும். எங்கட எடிட்டர் பெடியன் ஒருநாள் கேட்டார், "அண்ணை, இன்னும் ஒரு 16 ஜிபி ரேம் போட்டா சரி வருமோ?" நான் உடன பதில் சொல்லேல்லை, அவரையே அந்த 20 நிமிசத்தை ஓடவிடச் சொல்லிப்போட்டு மூண்டு கிளிப்பையும் விஎம்டச்சாலை காட்டினன். மூண்டு கோட்டிலையும் இடப்பக்கம் வெறுமை, வலப்பக்கக் கரையிலை மட்டும் ஓ ஓ ஓ எண்டு நெருக்கமா. திரும்ப முதல்ல இருந்து கொஞ்சம் ஓடவிட்டுப் பாத்தா இடப்பக்கம் கொஞ்சம் முளைக்குது, வலப்பக்கம் தேயுது. "அப்ப 16 போட்டாலும் இந்தக் கோடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான் என்ன?" எண்டார். ஓம், அதேதான். 45 ஜிபி வேண்டிய இடத்திலை 31 ஜிபி வச்சா 31க்கான பலன் வராது.

அப்ப வழி என்ன? ரேமிலை அடங்காததை லோக்கல் எஸ்எஸ்டியிலை அடக்கலாம். கேர்னலிலை எஃப்எஸ்-கேச் எண்டு ஒண்டு 2009ல இருந்தே இருக்கு, என்எஃப்எஸ், ஏஎஃப்எஸ், செஃப் எண்ட நெட்வேர்க் பைல் சிஸ்டம் எல்லாத்துக்கும் வேலை செய்யும், நெட்வேர்க்கால வாசிச்சதை உள்ளூர் டிஸ்கிலை ஒரு பிரதி எடுத்து வைக்கும். செஃப்எஃப்எஸ்ஸை மவுன்ட் பண்ணேக்க (மெசினோட இணைக்கேக்க) எஃப்எஸ்சி எண்ட ஒப்ஷனைக் குடுக்கோணும், கேச்ஃபைல்ஸ்டி எண்ட டீமனை (பின்னணியிலை ஓடுற புரோகிராம்) ஓட விடோணும். உங்கட கேர்னலிலை செஃப்புக்கு அந்த வசதியை சேத்துத்தான் கட்டியிருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ, சேக்காட்டி ஒப்ஷனைக் குடுத்தும் பலன் இல்லை. 2022ல வந்த 5.17 கேர்னலிலை இந்தப் பகுதியை கிட்டத்தட்ட முழுக்கத் திருப்பி எழுதியிருக்கினம், அதால பழைய கேர்னலிலை பாத்துப்போட்டு இது சரிவராது எண்டு விட்ட ஆக்கள் புதுசிலை ஒருக்கா பாக்கிறது நல்லம்.

கேச்ஃபைல்ஸ்டியிலை "இவ்வளவு ஜிபி" எண்டு குடுக்கிற செட்டிங் இல்லை. இடத்துக்கு மூண்டு வீதம்தான் இருக்கு, பிரன், பிகல், பிஸ்டொப், அதோட வாற கொன்ஃபிக் பைலிலை 10, 7, 3. இது கேச் பிடிக்கிற இடத்தின்ரை வீதம் இல்லை, அந்தப் பார்ட்டிஷனிலை வெறுமையா இருக்கிற இடத்தின்ரை வீதம். வெற்றிடம் 7 வீதத்துக்குக் கீழ போனா பழசைக் கழிக்கத் தொடங்கும், 10 வீதம் வந்தோடனை கழிக்கிறதை நிப்பாட்டும், 3 வீதத்துக்கு வந்திட்டா புதுசா ஒண்டையும் உள்ள எடுக்காது. அப்ப ரூட் பார்ட்டிஷனிலை இதை விட்டா உங்கட டிஸ்க் எப்பவும் 90 வீதம் நிரம்பித்தான் கிடக்கும், வேற ஏதும் லொக் பைல் வீங்கினா கேச்சும் சுருங்கும். அதால கேச்சுக்கு எண்டு தனிப் பார்ட்டிஷன் வெட்டுங்கோ, பார்ட்டிஷன் சைஸ்தான் கேச் சைஸ். ரெண்டு மணித்தியால முகூர்த்தம், மூண்டு கமெரா எண்டா 270 ஜிபி. 300 ஜிபி பார்ட்டிஷன் வெட்டினா 10 வீதம் போக சரியா 270தான் மிஞ்சும், இறுக்கிப் பிடிக்கும், ஒரு கிளிப் கூடினாலும் திரும்ப அந்தச் சுத்து வட்டப் பிரச்சினைதான். நான் 400 ஜிபி குடுத்திருக்கிறன், 360 பாவிக்கலாம், ஒரு கலியாணத்தின்ரை முழு புட்டேஜும் உள்ள நிண்டு இன்னும் கொஞ்சம் இடம் கிடக்கும்.

ரெண்டாம் தரம் வாசிக்கேக்க அந்த ப்ரோரெஸ் ரெண்டு ஸ்ட்ரீமும் என்விஎம்ஈயிலை இருந்து வருது, 123 எம்பி எல்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்லை. மெசினை ஒழுங்கா நிப்பாட்டி அடுத்த நாள் காலமை போட்டாலும் கேச் அப்பிடியே கிடக்கும், ரேம் கேச்சுக்கு அந்தக் குடுப்பினை இல்லை. எஸ்எஸ்டி கெதியா தேஞ்சுபோகும் எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு ஒரு கணக்கு: 500 ஜிபி டிரைவ் ஒண்டுக்கு 300 டிபி எழுதலாம் எண்டு போட்டிருந்தா, ஒரு கலியாணத்துக்கு 270 ஜிபி எழுதினாலும் ஆயிரத்துக்கு மேல கலியாணம் தாங்கும். அது கேச் அடங்கினாத்தான். அடங்காட்டி ஒரே டேட்டாவை எறிஞ்சு எறிஞ்சு திரும்ப எழுதும், டிரைவும் தேயும், வேகமும் வராது. குறைய வைக்கிறது சிக்கனம் எண்டு நினைக்காதேங்கோ.

 செஃப்எஃப்எஸ்ஸிலை கேப்ஸ் எண்ட ஒண்டு இருக்கு, ஒரு கிளையன்ட் ஒரு பைலை கேச் பண்ணி வச்சிருக்கலாம் எண்ட அனுமதியை எம்டிஎஸ் எண்ட, பைல் பெயர் விபரங்களைப் பாக்கிற செஃப் சேர்வர்தான் குடுக்குது. ரெண்டு பேர் வாசிச்சா ரெண்டு பேருக்கும் அந்த அனுமதி இருக்கும். ஒராள் வாசிக்க இன்னொராள் அதே பைலிலை எழுதத் தொடங்கினா எம்டிஎஸ் அனுமதியைத் திருப்பி எடுத்திடும், பிறகு ரெண்டு பேரும் ஒவ்வொரு வாசிப்புக்கும் சேர்வருக்குத்தான் போகோணும். ஒராள் எக்ஸ்போர்ட் பண்ணிக்கொண்டிருக்க மற்றாள் அந்தப் பைலையே திறந்து "எப்பிடி வருது பாப்பம்" எண்டு ஓடவிடுவார், ரெண்டும் நத்தை மாதிரிப் போகும். கேச்சை ஆயிரம் ஜிபி ஆக்கினாலும் இதுக்கு மருந்தில்லை. எக்ஸ்போர்ட்டை வேற பெயரிலை எழுதி, முடிஞ்ச பிறகு பெயரை மாத்தச் சொல்லியிருக்கிறன், அது நல்லா வேலை செய்யுது.

ரீட்அஹெட், அதாவது கேக்க முதலே அடுத்த பகுதியை எடுத்து வைக்கிறது, இன்னொரு பக்கம். ஒருக்கா மட்டும் நேரா வாசிச்சுப் போற வேலைக்கு, ரெண்டர், பக்கப், ப்ரோரெஸ்ஸுக்கு மாத்திறது இதெல்லாத்துக்கும் கேச் சைஸ் ஒரு உதவியும் செய்யாது, முன்கூட்டியே எவ்வளவு எடுத்து வைக்குது எண்டதுதான் உதவும். கேர்னல் கிளையன்ட்டிலை (கேர்னலுக்குள்ளேயே இருக்கிற செஃப்எஃப்எஸ் கிளையன்ட்) இதுக்கு ஆர்ஏசைஸ் எண்ட மவுன்ட் ஒப்ஷன், டீஃபோல்ட் 8 எம்பி. செஃப் ஒரு பைலை 4 எம்பி ஒப்ஜெக்ட்டாத்தான் வெட்டி வைக்குது, அப்ப 8 எம்பி எண்டா ரெண்டு ஒப்ஜெக்ட், கூடினது ரெண்டு மூண்டு டிஸ்கைத்தான் ஒரே நேரத்திலை கேக்குது, மற்ற டிஸ்க் எல்லாம் சும்மா இருக்கு. ரெண்டர் மெசினிலை இதை 64 எம்பி ஆக்கினா எல்லா டிஸ்கும் ஒண்டா வேலை செய்யும். எடிட்டிங் மெசினிலை அதைச் செய்யாதேங்கோ. எடிட்டர் டைம்லைனிலை அங்கையும் இஞ்சையும் பாயேக்க, கேர்னல் சின்ன அளவிலை தொடங்கித்தான் கூட்டிக்கொண்டு போகும் எண்டாலும், கொஞ்சம் ஓடவிட்டுப் பாயிறவருக்கு வேண்டாத 64 எம்பி வயரிலை வந்துகொண்டிருக்கும், ஜிகாபிட்டிலை அது அரைச் செக்கனுக்கு மேல. அரைச் செக்கன் தடங்கல் எடிட்டருக்கு வடிவாத் தெரியும். அவைக்கு 16 வச்சிருக்கிறன், காணும். ஆர்ஏசைஸ் மவுன்ட் பண்ணேக்கதான் எடுபடும், மாத்தினா கழட்டித் திரும்ப மவுன்ட் பண்ணுங்கோ.

செஃப்-ஃபியூஸ் (கேர்னலுக்கு வெளியால தனிப் புரோகிராமா ஓடுற கிளையன்ட்) பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிலை கிளையன்ட் கேச் சைஸ் எண்டு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபோல்ட் 16384. பெயரைப் பாத்தா எம்பியோ கேபியோ எண்டுதான் நினைப்பீங்கள், அது ஐநோட் (ஒரு பைலின்ரை விபரப் பதிவு) எண்ணிக்கை, பைலுக்குள்ள இருக்கிற டேட்டாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. டேட்டா கேச் கிளையன்ட் ஓசி சைஸ் எண்ட செட்டிங்கிலைதான் இருக்கு, டீஃபோல்ட் வெறும் 200 எம்பி, எங்கட புட்டேஜிலை அது 16 செக்கன். அதைக் கூட்டேக்க ஓசி மாக்ஸ் ஒப்ஜெக்ட்ஸ் எண்டதையும் சேத்துக் கூட்டோணும், அது 1000, 4 எம்பி ஒப்ஜெக்ட்டாப் பாத்தா 4 ஜிபியோட மட்டம் தட்டிடும், 10 ஜிபி குடுத்தாலும் மிச்சத்தை அது பாவிக்காது. பெரிய பைலுக்கு ஏலுமெண்டா கேர்னல் கிளையன்ட்டையே பாவியுங்கோ எண்டதுதான் என்ரை அபிப்பிராயம். அதே மாதிரி எம்டிஎஸ் மெமரி லிமிட்டைக் கூட்டினா வீடியோ வேகமா வரும் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அது பைல் பெயர், போல்டர் விபரம் வைக்கிற இடம், கொஞ்ச ஆயிரம் பெரிய பைல் வச்சிருக்கிற எங்களுக்கு டீஃபோல்ட் 4 ஜிபியே மிச்சம்.

இனி எழுதுற பக்கம், எனக்கு உண்மையிலேயே கவலை உள்ள இடம் இதுதான். வாசிக்கிற கேச்சிலை பிழை விட்டா வேலை மெதுவாகும், எழுதுற கேச்சிலை பிழை விட்டா ஒருத்தற்றை கலியாணம் போயிடும். லினக்ஸிலை டேர்ட்டி ரேஷியோ, அதாவது இன்னும் எழுதி முடியாத டேட்டா ரேமிலை எவ்வளவு நிக்கலாம் எண்ட அளவு, டீஃபோல்ட் 20 வீதம், 32 ஜிபி மெசினிலை அஞ்சு ஆறு ஜிபி வரைக்கும் சேர்வருக்குப் போகாமல் ரேமிலையே நிக்கலாம். கார்ட்டிலை இருந்து கொப்பி பண்ணுற பெடியனுக்கு ஸ்கிரீனிலை 100 வீதம் எண்டு காட்டுது, அவர் கார்ட்டைக் கழட்டி அடுத்த நிகழ்ச்சிக்கு எண்டு ஃபோர்மட் பண்ணுறார், ஆனா கடைசி ஜிபியள் இன்னும் ஒரு நிமிசத்துக்குக் கிட்ட வயராலை போய்க்கொண்டிருக்கு. அந்த நிமிசத்திலை கரண்ட் போனா? 2022 மார்ச் கடைசியிலை 13 மணித்தியாலம் வரை வெட்டினதை நாங்கள் ஆரும் மறக்கேல்லை, இப்ப அப்பிடி இல்லாட்டியும் மழை காத்துக்கு ஒரு தரம் வெட்டினாக் காணும். யூபிஎஸ் இருக்கு எண்டு மட்டும் நம்பி இருக்காதேங்கோ, பழைய பற்றரி எப்ப கைவிடும் எண்டு தெரியாது.

அதால கொப்பி பண்ணுற மெசினிலை வீதத்தை விட்டிட்டு டேர்ட்டி பைட்ஸ் எண்ட செட்டிங்கிலை நேரா 512 எம்பி குடுத்திருக்கிறன், பின்னணியிலை எழுதத் தொடங்கிறது 128 எம்பியிலை. பைட்ஸிலை குடுத்தா வீதம் தானா பூச்சியமாயிடும். கொப்பி வேகம் ஸ்கிரீனிலை குறைஞ்ச மாதிரித் தெரியும், உண்மையிலை சேர்வருக்குப் போற வேகம்தான் இப்ப தெரியுது, முந்திக் காட்டினது ரேமின்ரை வேகம். அதோட கொப்பி ஸ்கிரிப்ட்டின்ரை கடைசியிலை சிங்க் கொமாண்ட் (ரேமிலை நிக்கிறதை முழுக்க எழுதவைக்கிறது) போட்டு, அது முடிஞ்ச பிறகுதான் "கார்ட்டைக் கழட்டலாம்" எண்டு எழுத்து வரும்.

செக்சம் (பைல் பிழையில்லாமல் வந்துதோ எண்டு ஒப்பிடுற இலக்கம்) பாக்கிற ஆக்கள் இதையும் கவனியுங்கோ. எழுதின அதே மெசினிலை உடன திரும்ப வாசிச்சு செக்சம் எடுத்தா, நீங்கள் வாசிக்கிறது சேர்வரிலை இருக்கிற பைலை இல்லை, உங்கட ரேமிலை கிடக்கிற பிரதியை. அது எப்பவும் சரியாத்தான் இருக்கும்! சேர்வருக்குப் போனது பழுதெண்டாலும் சரி எண்டுதான் சொல்லும். செக்சத்தை வேற மெசினிலை இருந்து எடுங்கோ, அதுதான் ஆகச் சுகமான வழி. ஏலாட்டி சிங்க் போட்டு, பேஜ் கேச்சை ட்ராப் கேச்சஸ்ஸாலை வெறுமையாக்கிப்போட்டு வாசியுங்கோ. வேகம் அளக்கிறதுக்கும் இதே விதிதான், டிடி கொமாண்ட்டாலை ஒரே பைலை ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டு ரெண்டாம் தரம் செக்கனுக்கு ரெண்டு ஜிபி வருது எண்டு சந்தோசப்படுற ஆக்களைப் பாத்திருக்கிறன், ஜிகாபிட் வயரிலை அது வராது, கேச்சை விலத்தி வாசிக்கிற டைரக்ட் எண்ட ஃப்ளாக்கோட வாசிச்சாத்தான் உண்மை தெரியும்.

இதொண்டும் புதுப் பிரச்சினை இல்லை. 1980களிலை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலை ஆண்ட்ரூ பைல் சிஸ்டத்தை (மேல சொன்ன ஏஎஃப்எஸ்) செய்த ஆக்கள் முதல்ல பைல் முழுசையும் கிளையன்ட் டிஸ்குக்கு இறக்கித்தான் திறந்தவை. பைல் பெருக்கப் பெருக்க அது சரிவரேல்லை, ஒரு பைல் கேச்சைவிடப் பெரிசெண்டா திறக்கவே ஏலாது, பிறகு துண்டு துண்டா எடுக்கிற முறைக்கு மாறினவை. இண்டைக்கும் ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸிலை கேச் சைஸும் துண்டின்ரை சைஸும் தனித்தனிச் செட்டிங், துண்டுக்கு ரெண்டின் அடுக்கைத்தான் குடுக்கோணும், 20 எண்டு குடுத்தா ஒரு எம்பி. பெரிய பைலை நேரா வாசிக்கிற இடத்திலை துண்டைப் பெருப்பிக்கிறது, திரும்ப வாசிக்கிற இடத்திலை கேச்சைப் பெருப்பிக்கிறது, ரெண்டையும் குழப்பாமல் இருக்கிறது. இப்ப நாங்கள் ஆர்ஏசைஸையும் கேச் பார்ட்டிஷனையும் தனித்தனியாப் பாக்கிறது அதேதான்.

10 ஜிகாபிட் போட்டா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லையே எண்டு கேக்கலாம். போடலாம், போடவும் வேணும், ஆனா எங்கட செஃப் மெசினுக்குள்ள இருக்கிறது சுத்துற ஹார்ட்டிஸ்க், மூண்டு எடிட்டர் ஒண்டா அங்கையும் இஞ்சையும் பாய்ஞ்சா டிஸ்க்கின்ரை தலைதான் முதல்ல களைக்கும், வயர் இல்லை. இப்ப எடிட்டர் கேக்கிறதிலை கனக்க அவரவற்றை எஸ்எஸ்டியிலேயே கிடைக்கிறதால சேர்வர் டிஸ்க் எல்லாம் ஆறுதலா புது புட்டேஜை எழுதிக்கொண்டிருக்கு. திருவிழா நேரம் ஒரு பக்கம் அண்டைக்கு எடுத்தது உள்ள வர, மற்றப் பக்கம் முதல்நாள் எடுத்ததை வெட்ட, ரெண்டும் முட்டாமல் போனது இதாலைதான்.

செய்து பாக்கிற ஆக்கள் எல்லா மெசினுக்கும் ஒரே எஃப்எஸ்டேப் (மவுன்ட் விபரம் எழுதுற பைல்) வரியை கொப்பி அடிக்காதேங்கோ. எடிட்டிங் மெசினுக்கு எஃப்எஸ்சியும் 16 எம்பி ஆர்ஏசைஸும். ரெண்டர் மெசினுக்கு எஃப்எஸ்சி வேண்டாம், ஒருக்கா வாசிச்சுப் போறதை எஸ்எஸ்டியிலை எழுதி என்ன பலன், அதுக்கு 64 எம்பி ஆர்ஏசைஸ் மட்டும். கார்ட் கொப்பி மெசினுக்கு ரெண்டும் தேவையில்லை, டேர்ட்டி பைட்ஸ்தான் முக்கியம். போட்டு ஒரு வேலை முடிய ப்ராக் போல்டருக்குள்ள எஃப்எஸ்கேச் ஸ்டாட்ஸ் பைலைத் திறந்து பாருங்கோ, கேச்சிலை இருந்து வாசிச்ச எண்ணிக்கை எழுதின எண்ணிக்கையைவிட கனக்கக் கூட இருந்தா அளவு சரி, ரெண்டும் கிட்டக்கிட்ட நிண்டா பார்ட்டிஷன் சின்னன்.